சிறிய வைத்தியசாலையிலிருந்து நோயாளியை எப்போது அனுப்புவது? கொவிட் காலத்தில் மலையகத்தில் பணியாற்றியவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: புதிய மருத்துவ அதிகாரி

வணக்கம். உள்ளகப் பயிற்சியை முடித்துவிட்டேன். அடுத்த மாதம் ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு பிரதேச வைத்தியசாலையில் கடமையேற்க இருக்கிறேன். 2021 ஆகஸ்டில் டெல்டா பரவி நாடு முடக்கப்பட்டிருந்தபோது நான் மருத்துவபீட மாணவி. வார்டில் நின்று கற்க வேண்டியதைத் தொலைபேசித் திரையில் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அந்த வாரங்களின் அனுபவம் எனக்கு இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவோ, இரவில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வசதியோ இல்லாத இடத்துக்கு மூச்சுத்திணறலுடன் ஒருவர் நள்ளிரவு கடந்து வருகிறார் என்றால், அவரை அங்கேயே வைத்துப் பார்ப்பதா, உடனே அனுப்பிவிடுவதா என்பதை எதைக் கொண்டு தீர்மானித்தீர்கள்? விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் கருவி காட்டும் இரத்த ஒட்சிசன் சதவீதத்துக்கு வழிகாட்டி நூல்களில் எண்கள் தரப்பட்டுள்ளன. அந்த எண்களுக்கு அப்பால் நீங்கள் எவற்றைக் கவனித்தீர்கள் என்பதையே அறிய விரும்புகிறேன்.

பதில்: நுவரெலியா மாவட்டத்தில் பணியாற்றிய மருத்துவர்

தங்கை, எண்ணைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் அது எந்த உயரத்தில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் என்பதால், நோயற்றவரின் விரலிலும் கொழும்பில் காண்பதைவிட ஓரிரு புள்ளிகள் குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே 94 என்ற எண்ணைக் கண்டதும் கலங்கவும் கூடாது, 'இந்த உயரத்தில் இது வழமைதான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் கூடாது. இரண்டாவதே ஆபத்தான தவறு. அதை நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன்.

எங்களுக்கு அதிகம் உதவியது நோயின் நாட்கணக்கு. கொவிட் நியூமோனியா பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஒரு வாரத்துக்குப் பின்னரே மோசமடைந்தது. நான்காம் நாளில் 93 உள்ளவரும் ஒன்பதாம் நாளில் 93 உள்ளவரும் ஒரே நோயாளி அல்லர். முன்னவருக்கு இறக்கம் இன்னும் மீதமிருக்கிறது. ஆனால் காய்ச்சல் தொடங்கிய நாளைத் தேயிலைத் தோட்டத்து மக்களிடம் நேரடியாகக் கேட்டால் 'ரெண்டு மூணு நாளுங்க ஐயா' என்ற விடைதான் கிடைக்கும். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற நிலையில், நோயை நாட்கணக்காக மறைத்துக்கொண்டு கொழுந்து பறித்தவர்கள் பலர். எனவே, 'கடைசியாக என்றைக்கு மலைக்குப் போனீர்கள்? அதற்கு முன்னர் என்றைக்காவது அரைப்பேரோடு திரும்பினீர்களா?' என்று கேட்கத் தொடங்கினேன். தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் சம்பளப் பதிவு, அரைப்பேர் அதில் பாதி. பேர் விழுந்த கணக்கில் எவரும் தவறுவதில்லை; அரைப்பேர் வாங்கிய நாளே பெரும்பாலும் நோயின் முதல் நாளாக இருந்தது.

அடுத்தது நேரம். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு றம்பொடை வழியாக 77 கிலோமீற்றர். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் அந்தத் தூரத்தை மணியாலும் அளக்க முடியாது. நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று பார்த்த கையோடு, மூன்று மணி நேரம் கழித்து அவரை வண்டியிலிருந்து இறக்கும்போது எப்படி இருப்பார் என்றும் எங்களையே கேட்டுக்கொண்டோம். ஒட்சிசன் தேவை மணிக்கு மணி கூடிக்கொண்டே போனால், இன்னும் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அனுப்பினோம். பேச்சு நின்ற பிறகு அனுப்புவதென்றால், பாதையில் உயிர் போகட்டும் என்று அனுப்புவதற்கு ஒப்பாகும்.

காத்திருக்கும் நேரத்தில் செய்யக்கூடியவையும் இருந்தன. ஒட்சிசன் தேவைப்படும் நோயாளிகளின் இறப்பை டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்பதை 2020 ஜூனில் பிரித்தானியாவின் ரிகவரி ஆய்வு காட்டியது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம். எந்தச் சிறிய வைத்தியசாலையின் அலுமாரியிலும் இருந்த மலிவான மருந்து. ஒட்சிசன் தேவைப்படாதவருக்கு அதனால் பயன் இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆனால் வெளியே சிலர் அதைக் காய்ச்சல் மாத்திரைபோல் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒட்சிசன் ஏறுவதற்காக, விழிப்புடன் இருப்பவரைக் குப்புறப் படுக்கவைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

பதில்: தாதி உத்தியோகத்தர்

டாக்டர் சொன்ன எண்ணைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். அந்த எண்ணை எடுப்பவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான். அதிகாலைக் குளிரில் லொறியின் பின்புறத்தில் வந்தவரின் விரல்கள் விறைத்திருக்கும். இரத்த ஓட்டம் குறைந்த விரலில் ஒக்சிமீற்றர் 80 என்றும் காட்டும், ஒன்றும் காட்டாமலும் இருக்கும். கொழுந்து பறிக்கும் அம்மாமாரின் விரல் நுனிகளில் கறையும் காய்ப்பும் வேறு. வெந்நீரில் நனைத்த துணியால் கையைச் சூடாக்கி, துடைத்து, கருவியில் நாடித்துடிப்பு சீராக விழுகிறதா என்று பார்த்து, ஒரு நிமிடம் பொறுத்த பின்னரே எழுதினோம். மேலும், தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து வீதி வரை படி ஏறி வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்காரவைக்காமல் எடுத்த அளவை நம்ப வேண்டாம். ஆனால் அந்த முதல் அளவை அழித்துவிடவும் வேண்டாம். படி ஏறியதும் எவ்வளவு இறங்கியது என்பது நீங்கள் கேட்காமலே நடந்துவிட்ட நடைப் பரிசோதனை அல்லவா?

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 'மூச்சுத்திணறல் உள்ளதா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'மேல்மூச்சு வாங்குதா, பேசும்போது நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியிருக்கா' என்று கேளுங்கள். தமிழ் தெரியாத வைத்தியர்கள் இருந்த இரவுகளில் இந்தக் கேள்விகளைக் கேட்கும் பொறுப்பு சிற்றூழியரிடம் போய்விட்டது. நீங்கள் தமிழில் கேட்கப்போகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அரைப்பேர்க் கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நான் கண்டிருக்க மாட்டேன். இன்னொரு ஐயம்: அனுப்புவதென்று தீர்மானித்த பின், வழியில் ஒட்சிசன் போதுமா என்பதை எப்படிக் கணித்தீர்கள்?

பதில்: அம்புலன்ஸ் சாரதி

மருத்துவம் பேச எனக்குத் தகுதி இல்லை, கணக்கை மட்டும் சொல்கிறேன். 680 லீற்றர் கொண்ட சிறிய சிலிண்டரை நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் திறந்தால் 45 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 7,000 லீற்றர் பெரிய சிலிண்டர் அதே வேகத்தில் ஏழே முக்கால் மணி நேரம் தாங்கும். ஆனால் அதை வண்டியில் ஏற்றிக் கட்டுவதற்கு இருவர் வேண்டும், எல்லா வண்டியிலும் இடமும் இல்லை. ஆகவே புறப்படும் முன் பயண நேரத்தை இரண்டால் பெருக்கி, அதற்குப் போதுமான ஒட்சிசன் இருக்கிறதா என்று தாதி மிஸ்ஸிடம் கேட்பது என் வழக்கம். மண்சரிவால் பாதை மூடினாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டில் கிடைக்காமல் வாசலிலேயே காத்திருந்தாலும், நோயாளி எங்கள் சிலிண்டரில்தான் இருப்பார். அப்படி வாசலில் காத்திருந்த ஓர் இரவுக்குப் பிறகுதான் இந்த வழக்கம் வந்தது.

சிலிண்டர் திறக்கும் சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றால் கட்டி வையுங்கள். பதுளைப் பக்கம் போன ஒரு பயணத்தில் நிறைந்த சிலிண்டர் வண்டியில் இருந்தது, சாவி வார்டு மேசையில் கிடந்தது.