திருமலை (திருகோணமலை) டவுன் பழைய வீடுகளை இடிக்க விடலாமா?

டச்சுபே காத்து:
நேராச் சொல்லுறன், டவுனுக்குள்ள நூறு வருசம் தாண்டின வீடு, கடை எதையும் சபையின்ர அனுமதி இல்லாம இடிக்கக் கூடாதெண்டு ஒரு சட்டம் வேணும். டைக் வீதில இன்னொரு வீடும் போட்டுது. விறாந்தைத் தூண் ரெண்டு மட்டும் நிக்குது, ஓட்டைக் கழட்டி மதிலோட அடுக்கிட்டினம், தீராந்தி எல்லாம் லொறில ஏறிட்டுது. அந்த இடத்தில கண்ணாடி போட்ட மூண்டு மாடி ஹோட்டல் வரப்போகுதாம். இப்பிடியே போனா இன்னும் கொஞ்ச வருசத்தில திருமலைக்கும் வேற எந்த டவுனுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது, கோட்டையும் கோணேசர் கோயிலும் மான் கூட்டமும் மட்டும் மிஞ்சும்.

மட்டிக்களி தம்பி:
அண்ணா, சட்டம் வேணுமெண்டு சொல்லுறது லேசு. எங்கட அம்மம்மாவின்ர வீடு மத்திய வீதிப் பக்கம், இப்பவும் அதுக்குள்ளதான் இருக்கிறம். ஒவ்வொரு மாரிக்கும் பத்து இடத்தில ஒழுகும், குரங்கு வந்து ஓட்டை உடைக்கும், ஓடு மாத்த ஆள் பிடிக்கேலாது, பிடிச்சாலும் கேக்கிற கூலி பேக்கூலி. கைமரத்தில கறையான். சுவருக்கு ரெண்டு தரம் சீமெந்து பூசியாச்சு, ரெண்டு தரமும் கழண்டு விழுந்திட்டுது. தங்கச்சிக்கு சீதனமாக் குடுக்க இருக்கிறது அந்தக் காணி மட்டுந்தான். வந்து போட்டோ எடுத்துப் போட்டு 'ஐயோ என்ன வடிவு' எண்டு எழுதிற ஆக்கள் ஒராள் கூட ஒரு ஓட்டுக்குக் காசு தரேல்ல. வீடு ஆற்றயோ அவையள்தான் முடிவெடுக்கோணும்.

ரொறன்ரோ திருமலையான்:
தம்பி சொல்லுற கஷ்டம் விளங்குது, ஆனா எனக்கு மனசு கேக்குதில்லை. எங்கட காலத்தில பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டா சென் ஜோசப்ஸ் பெடியளும் இந்துக் கல்லூரிப் பெடியளும் சைக்கிளோட மெயின் வீதியால ஒரு சுத்து, அங்கால உட்துறைமுக வீதி வந்தா துறைமுகத்துத் தண்ணி ஒரு அலை இல்லாமக் கிடக்கும், திரும்பி டச்சுபே பக்கம் வந்தா மற்றக் கடல், ஒரே டவுனில ரெண்டு பக்கமும் ரெண்டு விதமான கடல், இடையில சின்னச் சின்ன ஓட்டு வீடுகள், வாசல்ல குந்தில ஆராவது இருந்து கதைச்சுக்கொண்டிருப்பினம், ஆற்ற பெடியன் எண்டு கேக்காம ஒரு வீட்டைத் தாண்டேலாது. மாடி ஹோட்டல் வாசல்ல ஆர் குந்தி இருந்து கேக்கப் போகினம்? வீட்டின்ர அமைப்பே தெருவோட கதைக்கிற மாதிரித்தான் இருந்தது. அது போனா சனமும் உள்ளுக்குப் போயிடும்.

பெருந்தெரு அக்கா:
அண்ணை, அந்தச் சைக்கிள் சுத்து உங்களுக்குத்தான் இருந்தது, எங்களுக்கு இல்லை. நான் வளந்தது 90க்குப் பிறகு. உட்துறைமுக வீதி எண்டா எனக்கு முதல்ல ஞாபகம் வாறது செக்பொயின்ற், அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு வரிசையில நிண்டது, ட்யூசன் விட்டு வர ஆறு மணி தாண்டினா அப்பா சந்தியில வந்து நிக்கிறது. 2006 ஜனவரி 2ம் திகதி கடற்கரையில காந்தி சிலைக்குக் கிட்ட அஞ்சு மாணவர்களைச் சுட்டுப்போட்டாங்கள். அந்தக் கடற்கரை வீதியால போகேக்க இண்டைக்கும் எனக்கு நெஞ்சு இறுகும். பழைய தெரு எண்டு எழுதேக்க இதையும் எழுதுங்கோ. விறாந்தையையும் சைக்கிளையும் மட்டும் எழுதினா எங்கட பாதி ஆயுள் இல்லாமப் போயிடும்.

கோட்டைமான்:
அக்கா சொன்னதை அப்பிடியே ஏற்கிறன். அதோட இன்னொண்டு, நாங்கள் 'பழைய திருமலை' எண்டு சொல்லுறதின்ர வயசு என்ன? 1622க்கும் 1624க்கும் இடையில போர்த்துக்கீசர் மலையில இருந்த கோயிலை இடிச்சு, அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினவங்கள், வாசல்ல ரெட்டைக் கயல் பொறிச்ச கல்லு இப்பவும் நிக்குது. பிறகு ஒல்லாந்தர், 1782ல ஒரே வருசத்துக்குள்ள இங்கிலீசுக்காரன் பிடிச்சு அவனிட்ட இருந்து பிரெஞ்சுக்காரன் பிடிச்சு, திரும்ப ஒல்லாந்தர், 1795ல இங்கிலீசுக்காரன் கடைசியா வந்து இருந்தான். ரயில் வந்தது 1927ல. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் இங்கிலீசுக்காரன் கட்டினதுதான். 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் குண்டு போட்ட நேரம் சனம் டவுனை விட்டிட்டு ஓடினதை எங்கட தாத்தா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர். 1957ல கடற்படைத் தளத்தை இலங்கையிட்ட குடுத்திட்டு வெள்ளைக்காரன் போனான். டொக்யாட்டை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில அடுப்பு எரிஞ்சது, அந்த வேலை போகச் சனமும் கலையத் தொடங்கிட்டுது. நீங்கள் ஏங்கிற அந்தத் தெருக்கள் ஒரு துறைமுகச் சம்பளத்தில நிண்ட தெருக்கள். சம்பளம் போனாப் பிறகு வீட்டை மட்டும் சட்டம் போட்டு நிப்பாட்டேலாது.

டச்சுபே காத்து:
அப்ப இடிச்சா இடியட்டும் எண்டு விடுறதோ? தெற்கில இருக்கிற காலி டவுன்ர கோட்டைக்குள்ள போய்ப் பாருங்கோ, ஓட்டு வீடுகளை வச்சுத்தான் அந்தச் சனம் உழைக்குது. 1988ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது. இஞ்ச கடற்கரைக்கெண்டு நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வாற வெள்ளைக்காரரில ஒரு பங்கு டவுனுக்குள்ள வந்து ஒரு நாள் நிண்டாலே தம்பியின்ர கூரை ஓட்டுக்குக் காசு வந்திடும்.

மட்டிக்களி தம்பி:
காலியை இஞ்ச கொண்டுவராதேங்கோ அண்ணா. இஞ்ச 'பாதுகாக்கப்பட்ட இடம்' எண்டு ஒரு பலகை வந்தா என்ன நடக்குமெண்டு தொல்லியல் திணைக்களம் கையில எடுத்த கன்னியா வெந்நீரூத்தில பாத்தாச்சு. 2020ல கிழக்கு மாகாணத்துக்கெண்டு தொல்லியல் செயலணி போட்டாங்கள், போடேக்க ஒரு தமிழனோ முஸ்லிமோ அதில இல்லை. எங்கட வீட்டுக்குப் பலகை வந்தா அதுக்குப் பிறகு கூரை மாத்த ஆரிட்டப் போய் நிக்கோணும்? பழசைக் காப்பாத்த வெளிக்கிட்டுக் காணியைத் துலைக்க நான் ரெடி இல்லை.

கோட்டைமான்:
இது சும்மா பயமில்லை, உண்மையான காரணம். டச்சுபே அண்ணா, இதுக்கு உங்களிட்ட பதில் இருக்கோ?

டச்சுபே காத்து:
இருக்கு. தொல்லியல் திணைக்களத்திட்டக் குடுக்கச் சொல்லேல்ல, எங்கட சபையே ஒரு பட்டியல் வச்சிருக்கட்டும், வீட்டுக்காரர் விரும்பினா மட்டும் சேரலாம், சேர்ந்தா வீட்டு வரியைக் குறைச்சு விடட்டும். முன்பக்கத்தை மட்டும் மாத்தாம விடச் சொல்லுவம், பின்னுக்கு என்னத்தையும் கட்டட்டும்.

கிணத்தடி மேசன்:
நான் முப்பது வருசமா கட்டட வேலை செய்யிறனான். தம்பி, உங்கட சுவர் கழண்டு விழுறதுக்குக் காரணமே சீமெந்துதான். அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில கட்டினது, அது ஈரத்தை உறிஞ்சி வெயிலுக்கு வெளிய விடும். மேல சீமெந்தை இறுக்கிப் பூசினா ஈரம் உள்ளுக்கு மாட்டுப்பட்டு உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காத் தள்ளும். சீமெந்தை முழுக்கக் கொத்தி எடுத்திட்டு, நல்லா ஊறப்போட்ட சுண்ணாம்பில மணல் கலந்து மெல்லிசாப் பூசுங்கோ, ஒரு பூச்சுக் காயமுதல் மற்றதைப் பூசாதேங்கோ. இன்னொண்டு, கடற்கரையில கொங்கிறீட் மாடி கட்டுறதும் நிரந்தரம் இல்லை, உப்புக் காத்து உள்ளுக்கு இருக்கிற கம்பியைப் பிடிச்சா கம்பி துருவேறிப் பருத்துக் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். டச்சுபே பக்கம் புதுக் கட்டடங்களின்ர பீம் அடியை அண்ணாந்து பாருங்கோ, தெரியும். பழைய சுவருக்குள்ள துருப்பிடிக்கக் கம்பியே இல்லை.

மட்டிக்களி தம்பி:
இதை இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா ஐயா, சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச ஆள் இப்ப எங்க இருக்கு? கூரைச் செலவு அப்பிடியே நிக்குது. சுவரை நான் பாக்கிறன், ஆனா விக்கிற உரிமையை விட்டுத்தரமாட்டன்.

பெருந்தெரு அக்கா:
உங்கட சண்டையில எனக்கு ஒரு வீடும் இல்லை. நான் பயப்பிடுறது வேற விசயத்துக்கு. சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் நகர்வலம் வரேக்க ஒவ்வொரு வாசல்லயும் நிறைகுடம் வைப்பம், நவராத்திரிக்குக் கும்பம் வெளிக்கிட்டா ராத்திரி பறைச் சத்தம் தூரத்தில கேக்கத் தொடங்கினதும் அம்மா வாசலைக் கழுவி மஞ்சத்தண்ணியோட நிப்பா, கும்பம் தூக்கிற பெடியன்ர காலில ஊத்த. பிரச்சனைக் காலத்திலயும் நாங்கள் ஏலுமான நேரமெல்லாம் அதை விடேல்லை. ஹோட்டலுக்கு வித்த வீடுகளுக்கு முன்னால இப்ப சாமி நிக்கிறேல்ல, ஏனெண்டா வாசல்ல ஒருத்தரும் இல்லை. ஓட்டு வீடோ மாடி வீடோ, எங்கட சனம் குடியிருக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கோ. சட்டம் போடுறதெண்டா அதுக்குப் போடுங்கோ.

ரொறன்ரோ திருமலையான்:
தங்கச்சி, டைக் வீதில எங்களுக்கும் ஒரு வீடு பூட்டிக் கிடக்கு. விக்கச் சொல்லித்தான் அண்ணன் கேக்கிறார்.

பெருந்தெரு அக்கா:
பூட்டி வச்சா ஓடு தானா விழும். ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் குடுங்கோ அண்ணை, பள்ளிக்கூடப் பிள்ளையள் இருக்கிற குடும்பமாப் பாத்து. ஆக்களை நான் சொல்லிவிடுறன்.