கனடாவின் மிகப் பலமான டொர்னாடோ ஈலைதானா?

முகிலன்: கனடாவில் இதுவரை எஃப்5 முத்திரை, அதாவது பலத்தில் உச்ச நிலை, வாங்கிய ஒரே டொர்னாடோ (மேகத்திலிருந்து தரைவரை தொங்கும் சுழல்காற்று), 2007 ஜூன் 22 அன்று மானிட்டோபாவின் ஈலை ஊரில் அடித்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. 1912இல் ரெஜைனாவில் 28 பேர், 1987இல் எட்மன்டனில் 27 பேர் செத்தார்கள், இரண்டுமே எஃப்4தான். இது என்ன கணக்கு?

கயல்விழி: எஃப் அளவு சாவு எண்ணிக்கைக்குப் போடும் மார்க் இல்லை முகிலன். இடிபாட்டைப் பார்த்துக் காற்று எவ்வளவு வேகமாக அடித்திருக்கும் என்று கணிப்பது, அவ்வளவுதான். ஈலையில் ஒரு வீடு முழுசாக மேலே கிளம்பிக் காற்றில் சுற்றியது. மணிக்கு 420 முதல் 510 கி.மீ. என்றார்கள்.

முகிலன்: அதே ஈலைக்கு முதலில் கொடுத்தது எஃப்4. வீடு பறந்ததை யாரோ வீடியோ எடுத்திருந்ததால், அதை ஆராய்ந்து செப்டம்பரில் எஃப்5 ஆக்கினார்கள். வீடியோ இல்லையென்றால் எஃப்4தானே? 1912 ஜூன் 30 மாலை, மறுநாள் நாட்டு விழாவுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்த ரெஜைனாவில் வீடியோ கேமராவோடு யார் நின்றார்கள்? வானிலை ஆய்வாளர் ஃபுஜிடாவின் இந்த எஃப் அளவுகோலே 1971இல்தான் வந்தது. ரெஜைனாவுக்கு மார்க் போட்டவர்களிடம் இருந்தது இடிந்த சுவர்களின் படங்கள் மட்டும்.

பழையபேப்பர்: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ரெஜைனாக்காரர்கள் அதை இன்றும் 'சைக்ளோன்' என்றே சொல்கிறார்கள். நம் ஊர்ப் புயலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது டொர்னாடோதான். அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை: மக்கள் பயந்துவிடுவார்கள் என்று வானிலைத் துறை 1938 வரை முன்னறிவிப்பில் டொர்னாடோ என்ற சொல்லையே தவிர்த்து வந்தது. அப்புறம், படம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் 1957 ஜூன் 20 அன்று அடித்த டொர்னாடோ. ஊர்க்காரர்கள் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைச் சேகரித்து, மேகம் நிமிடத்துக்கு நிமிடம் எப்படி மாறியது என்று ஃபுஜிடா கோர்த்துக் காட்டினார். டொர்னாடோ கிளம்பும் இடத்தில் தாழ்ந்து தொங்கும் மேகத்துக்குச் சொல்லும் 'சுவர் மேகம்' என்ற பெயரே அந்த ஆய்வில் வந்ததுதான்.

எட்மன்டன்வாசி: சாவையும் காற்றின் வேகத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 1987 ஜூலை 31 அன்று இங்கே செத்த 27 பேரில் 15 பேர் ஒரே மொபைல் ஹோம் குடியிருப்பில் இருந்தவர்கள். நிலவறை கிடையாது, சக்கரத்தின் மேல் நிற்கும் வீடு, ஓடி ஒளிய இடமே இல்லை. எச்சரிக்கையும் போதவில்லை. அதற்குப் பிறகுதான் ஆல்பர்ட்டா 1992இல் ரேடியோவையும் டிவியையும் இடைமறித்து அறிவிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எஃப்4ஆ எஃப்5ஆ என்று அந்தக் குடும்பங்கள் யாரும் கேட்கவில்லை.

கயல்விழி: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகிலன் சொல்வது போல எல்லாம் அதிர்ஷ்டம் இல்லை. 2017இலிருந்து கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு செயற்கைக்கோள் படங்களில் சாய்ந்த காட்டு மரங்களைத் தேடி, யாருமே பார்க்காத டொர்னாடோக்களைக்கூடக் கண்டுபிடிக்கிறது.

முகிலன்: காட்டில் சரி. பிரெய்ரி புல்வெளிச் சமவெளியில் மரம் எங்கே? கோதுமை வயலில் எவ்வளவு பெரிய காற்று அடித்தாலும் மிஞ்சுவது சாய்ந்த பயிர்தான். 2025 ஜூன் 20, வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் (ஃபார்கோவுக்கும் அதே தேதி!). அங்கே அடித்த டொர்னாடோவை முதலில் இஎஃப்3 என்றார்கள் (இஎஃப் என்பது எஃப் அளவின் திருத்திய வடிவம்). அக்டோபரில் இஎஃப்5 ஆனது. ஏன்? வழியில் ஒரு சரக்கு ரயில் இருந்தது. அதன் காலி டேங்கர் ஒன்று கிட்டத்தட்ட 145 மீட்டர் தள்ளிப்போய் விழ, அதைத் தூக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ரயில் பத்து நிமிடம் முன்னால் கடந்து போயிருந்தால்?

கயல்விழி: இஎஃப்3ஆகவே நின்றிருக்கலாம், சரி. ஈலைக்குப் பக்கத்தில் 'தெரிந்தவரை' என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ரெஜைனாவை மேலே ஏற்ற உங்களிடமும் ஆதாரம் இல்லை.

முகிலன்: இல்லைதான். நான் கேட்டதும் அந்தத் 'தெரிந்தவரை'யைத்தான்.