போட்டு சைடு லைட்டுக்கு கம்மி விலைல பல்பு எங்க கிடைக்கும்?

தேவனாம்பட்டினம் தம்பி:
அண்ணே, நம்ம ஃபைபர் போட்ல செவப்பு பச்ச லைட்டு ரெண்டுமே பல்பு போயிடுச்சு, 12 வோல்ட் 10 வாட், போட்டு சாமான் கடைல முழு லைட்டா தான் தருவேங்கறாங்க, பல்பு மட்டும் எங்க வாங்கறது?

துறைமுகத்தான்:
தம்பி, பழைய பல்ப கைல எடுத்துக்கிட்டு ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குப் போ. அடில பின்னு ரெண்டும் ஒரே மட்டமா, ஏத்த இறக்கமான்னு பாரு, ஏத்த இறக்கமா இருந்தா வண்டி பிரேக் லைட்டு பல்பு மாதிரி. ஆனா அதுல வர்ற 21 வாட்ட போட்டுடாத, சூட்டுல மூடி உருகும், பேட்டரியும் இறங்கும். ஹோல்டர்ல பச்சையா பூத்திருந்தா உப்புத்தாள் போட்டு தேய்ச்சுடு, பல பேருக்கு பல்பு நல்லாத்தான் இருக்கும், துரு தான் வில்லங்கம்.

பாண்டி லாஞ்ச்:
எல்இடி போடறதுன்னா செவப்பு மூடிக்கு செவப்பு எல்இடி, பச்சைக்கு பச்சை. வெள்ள எல்இடி போட்டா கலர் மாறி மங்கிடும். 12 மீட்டருக்கு கம்மியான போட்டுக்கு சைடு லைட்டு 1 கடல் மைல் தெரியணும், அது விதி. ராத்திரி கப்பல்காரன் நம்ம போட்டு எந்தப் பக்கம் போவுதுன்னு அத வச்சு தான் பாக்கறான், உயிர் விஷயம் தம்பி. வயர்லெஸ்ஸ ஆன் பண்ணிட்டு எல்இடிய போட்டுப் பாரு, மட்டமான சரக்குன்னா இரைச்சல் கேக்கும்.

தேவனாம்பட்டினம் தம்பி:
பின்னு ஒரே மட்டம் தாண்ணே. நாளைக்கு கடைக்குப் போறேன்.