ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் கன்சர்வேட்டிவ் சங்கம்: ஹீத்தும் தாட்சரும் வளர்ந்தது எப்படி?

கேள்வி:

பின்னாளில் கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் பிரிட்டன் பிரதமர்களான எட்வர்ட் ஹீத், மார்கரெட் தாட்சர் ஆகிய இருவருமே மாணவப் பருவத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் கன்சர்வேட்டிவ் சங்கத்தின் தலைவர்களாக இருந்தவர்கள் என்று படித்தேன். ஹீத்தின் தந்தை தச்சர். தாட்சரின் தந்தை கிராந்தம் ஊரில் மளிகைக் கடை நடத்தியவர். செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளின் இடம் என்று கருதப்படும் ஒரு சங்கத்தில் இவர்கள் எப்படி மேலே வந்தார்கள்? அச்சங்கத்தார் கட்சித் தலைமை சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்களா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:

இரண்டாவது கேள்விக்கு 1938ஆம் ஆண்டே விடை சொல்லிவிடும். வரலாற்றாசிரியர் கீத் ஃபைலிங் 1924இல் தொடங்கிவைத்த இச்சங்கத்துக்கு, பேலியல் கல்லூரியில் ஆர்கன் இசைக்கான உதவித்தொகை பெற்றுப் படித்துவந்த ஹீத் 1937இல் தலைவரானார். மறு ஆண்டு செப்டம்பர் இறுதியில் பிரதமர் சேம்பர்லின், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையை மியூனிக்கில் ஹிட்லருடன் செய்துகொண்டு திரும்பிய சில வாரங்களிலேயே ஆக்ஸ்ஃபோர்டு தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் குவின்டின் ஹாக் அந்த உடன்படிக்கையை ஆதரித்து நின்றார். லேபர், லிபரல் வேட்பாளர்கள் விலகிக்கொள்ள, பேலியல் கல்லூரியின் தலைவர் லிண்ட்சே அவரை எதிர்த்துச் சுயேச்சையாகப் போட்டியிட்டார். ஹீத் தம் சொந்தக் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு லிண்ட்சேக்காகப் பிரசாரம் செய்தார். "ஹாக்குக்குப் போடும் ஓட்டு ஹிட்லருக்குப் போடும் ஓட்டு" என்ற முழக்கம் எழுந்த தேர்தல் அது. ஹாக் 15,797 வாக்குகளும் லிண்ட்சே 12,363 வாக்குகளும் பெற்றார்கள். அரசியலில் முன்னேற விரும்பிய ஓர் இளைஞர் தம் கட்சிப் பிரதமரின் முதன்மைக் கொள்கையைத் தேர்தல் களத்திலேயே எதிர்த்தது எளிய துணிச்சல் அன்று என்பதே என் கருத்து.

பதில் 2:

முதல் கேள்வியைப் பொறுத்தவரை, தாட்சருக்கு வேறு கதவுகள் மூடியிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிர்கால அமைச்சர்களின் பயிற்சிக்களமாகப் புகழ்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் விவாத மன்றம் 1963 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1943இல் வேதியியல் படிக்கச் சோமர்வில் கல்லூரிக்கு வந்து, வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கினிடம் பயின்ற அவருக்குக் கன்சர்வேட்டிவ் சங்கம் திறந்திருந்தது. ஆண் மாணவர்கள் பலர் போருக்குப் போயிருந்ததும் பெண்களுக்கு வழிவிட்டிருக்கலாம். ஆனால் அவர் தலைவரானது 1946 அக்டோபரில், அதாவது போர் முடிந்து படைவீரர்கள் வகுப்புகளுக்குத் திரும்பிவிட்ட பிறகு. எனவே ஆளில்லாத இடத்தில் கிடைத்த பதவி என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 1945 பொதுத் தேர்தலில் கட்சி படுதோல்வி கண்டிருந்த நேரம் என்பதையும் மறந்துவிடக் கூடாது; அப்போது அந்தச் சங்கத்தில் உழைப்பதால் உடனடியாகப் பதவி கிடைக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அவ்வகையில் உழைக்கும் மனமுள்ளவர்களுக்கு அது ஏணியாக இருந்தது, பிறப்பு எதுவாயினும்.

பதில் 3:

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஹீத் எதிர்த்த அதே குவின்டின் ஹாக்குக்காக 1945இல் ஆக்ஸ்ஃபோர்டில் வாக்குச் சேகரித்தவர் தாட்சர். ஹாக் பிற்காலத்தில் ஹெயில்ஷாம் பிரபு என்ற பெயரில் ஹீத்தின் அமைச்சரவையிலும், பிறகு தாட்சரின் அமைச்சரவையிலும் லார்ட் சான்சலர் (நீதித்துறையின் தலைமைப் பொறுப்பு வகித்த அமைச்சர்) பதவி வகித்தார். 1975இல் கட்சித் தலைமைக்கான போட்டியில் தாட்சர் ஹீத்தை எதிர்த்து நின்றபோது, அது இச்சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இருவருக்கிடையிலான மோதலாகவும் இருந்தது.

சங்கத்தின் பிற்காலம் இவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. 2009இல் சங்கத் தேர்தல் கூட்டமொன்றில் இனவெறி நகைச்சுவைகள் பேசப்பட்டதால், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை இழந்தது. பின்னரே அதைத் திரும்பப் பெற்றது. வரலாற்றை எழுதுபவர்கள் 1938ஐயும் 1946ஐயும் மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.