ரஷ்யா நம்மைக் கைவிட்டதே இல்லையா?

தெற்குவாசல்:
"ரஷ்யா ஒருமுறைகூட இந்தியாவைக் கைவிட்டதில்லை" என்று நெய்தல் நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1962 அக்டோபர் 25-ஆம் தேதி சோவியத் நாளேடு பிராவ்தாவில் வந்த தலையங்கம் என்ன ஆயிற்று? சீனப் போரில் நம் ஜவான்கள் தவாங்கை விட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சீனப் பிரதமர் சூ என்லாய் சொன்ன யோசனையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நமக்கு உபதேசம் செய்தார்கள்.

நெய்தல்:
ஒரு தலையங்கத்தை வைத்து மொத்த உறவையும் எடை போடுவீர்களா? அந்த வாரம் கியூபாவில் அமெரிக்காவோடு ஏவுகணை நெருக்கடி. அணு ஆயுதப் போர் மூளுமோ என்ற நிலையில் சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு சீனாவின் தயவு தேவைப்பட்டது. நெருக்கடி தீர்ந்ததும் நவம்பரில் பிராவ்தாவின் சுருதியே மாறிவிட்டது. மிக்-21 போர் விமான ஒப்பந்தத்தையும் அவர்கள் ரத்து செய்யவில்லை. 1963-ல் விமானங்கள் வந்து இறங்கின.

தெற்குவாசல்:
பிராவ்தா என்ன, தெருமுனையில் விற்கிற மாலைப் பத்திரிகையா? சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் அதிகாரபூர்வ ஏடு ஐயா. மேலிடத்துச் சம்மதம் இல்லாமல் அதில் ஒரு வரி வருமா? அடிபட்டுக் கிடந்த நேரத்தில் சொன்னதுதான் கணக்கு. நவம்பரில் சுருதி மாறி யாருக்கு என்ன லாபம்?

மூணாம்தெரு:
1955-ல் குருஷ்சேவ் ஸ்ரீநகருக்கே வந்து, காஷ்மீர் இந்தியாவின் பகுதி என்று சொன்னார். 1971 ஆகஸ்ட் 9-ல் நட்புறவு ஒப்பந்தம், டிசம்பரில் வங்கதேசப் போரின்போது ஐ.நா. பாதுகாப்புச் சபையில் நமக்காக அடுத்தடுத்து வீட்டோ. இதெல்லாம் தெற்குவாசல் கண்ணில் படாது. கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிய இழையிலும் இப்படித்தான் ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் ஓட வைத்தார்.

தெற்குவாசல்:
யாரையும் ஓட வைக்கவில்லை, பதில் இல்லாதவர்கள் தாமாகப் போனார்கள். 1988-ல் ராஜீவும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தத்துக்கு 2013-ல்தான் மின்சாரம் வந்தது என்றேன். அதில் என்ன பொய்? சரி, 1968-ல் பாகிஸ்தானுக்கு ஆயுதம் கொடுக்கச் சம்மதித்தது யார்? 1993-ல் ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் இன்ஜின் தொழில்நுட்பம் தரமாட்டோம் என்று பின்வாங்கியது யார்?

செம்பருத்தி:
அமெரிக்கா கழுத்தை நெரித்ததால் பின்வாங்கினார்கள். அப்போதும் 7 இன்ஜின்களைக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தானே நம் ஜிஎஸ்எல்வி ராக்கெட் பறந்தது? சோவியத் யூனியன் உடைந்து, கையில் காசில்லாமல் நின்ற நாடு அது. அதற்குமேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

தெற்குவாசல்:
ஆக, மிரட்டினால் பின்வாங்குவார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

செம்பருத்தி:
நான் அப்படிச் சொல்லவில்லை. வார்த்தையைத் திருகும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

நெய்தல்:
பிலாய் உருக்காலை யார் கட்டிக்கொடுத்தது? மேற்கு நாடுகள் தயங்கிய காலத்தில் 1955-லேயே கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

தெற்குவாசல்:
பிலாய் பற்றி நான் கேட்கவே இல்லையே. 1962 அக்டோபர் 25. அந்தத் தலையங்கம் நமக்கு ஆதரவா, சீனாவுக்கு ஆதரவா? ஒரு வரியில் சொல்லுங்கள்.

மூணாம்தெரு:
ஆரம்பித்துவிட்டார். அமெரிக்கா 1971-ல் வங்கக் கடலுக்கு எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை அனுப்பியபோது அக்டோபர் 25 எங்கே போயிற்று?

தெற்குவாசல்:
அமெரிக்கா யோக்கியம் என்று நான் எங்கே எழுதினேன்? இருந்தால் அந்த வரியை எடுத்துப் போடுங்கள். தலையங்கத்துக்கும் இன்னும் பதில் வரவில்லை.