பக்ஹவுஸில் சிப்பாயை இறக்கி மேட் கொடுத்தால் செல்லுமா, செல்லாதா?

வெள்ளைக்குதிரை:
எங்கள் செஸ் கிளப்பின் வாட்ஸப் குழுவில் நேற்று ஒரு பெரியவர் அறிவிப்பு போட்டிருக்கிறார். வரும் ஞாயிறு வழக்கமான ஆட்டம் கிடையாதாம். பக்ஹவுஸ் (இரண்டு பலகையில் இரண்டிரண்டு பேர் கூட்டாக ஆடுவது, ஒருவர் வெட்டிய காய் கூட்டாளியின் கைக்குப் போகும்), மூன்று தடவை செக் கொடுத்தால் ஜெயிக்கும் ஆட்டம், ராஜாவை நடுக்கட்டத்துக்குக் கொண்டுபோகும் ஆட்டம் என்று ஜாலியாக ஆடப்போகிறோமாம். சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு வரி: "பக்ஹவுஸில் சிப்பாயை இறக்கி மேட் கொடுத்தால் உலகத்தில் எங்குமே செல்லாது." எந்த உலகம் சார் அது? கூட்டாளி வெட்டிக் கொடுக்கும் காயைக் காலிக் கட்டம் எதிலும் இறக்கலாம். சிப்பாயை மட்டும் முதல் வரிசையிலும் எட்டாவது வரிசையிலும் வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

திண்ணைராஜா:
அந்தப் பெரியவர் நான்தான். குழுவில் கேட்டால் வாய் வலிக்குமா? இங்கே வந்து ஏன் கொட்டுகிறீர்கள்? சிப்பாய் இறக்கி மேட் கிடையாது. 20 வருஷமாக அப்படித்தான் ஆடுகிறோம்.

வெள்ளைக்குதிரை:
20 வருஷமா? போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன், மற்றவர்களே பார்த்துக்கொள்ளட்டும். கறுப்பு ராஜா எச்8 மூலையில். பக்கத்தில் ஜி8இல் அவருடைய குதிரை, முன்னால் எச்7இல் அவருடைய சிப்பாய். என் சிப்பாய் எச்6இல். ஜி7 காலி, அதைப் பார்க்கும் கறுப்புக் காய் ஒன்றுகூட இல்லை. அடுத்த பலகையில் என் கூட்டாளி ஒரு சிப்பாயை வெட்டி நீட்டினான். வாங்கி ஜி7இல் வைத்தேன். ஒட்டிக் கொடுத்த செக், நடுவில் எதையும் இறக்கி மறைக்க முடியாது. ராஜா வெட்டவும் முடியாது, எச்6 காவல். மேட். எதிரில் உட்கார்ந்திருந்தவர் "எடு அதை" என்றார். யார் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் உலக விதி பிறந்துவிட்டது.

தொள்ளாயிரத்தறுபது:
சண்டைக்கு நடுவில் ஒரு யோசனை. செஸ்960 ஆடலாமே? 1996இல் முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் அறிவித்தது. பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைப்போம். மந்திரிகள் இரண்டும் வேறு வேறு நிறக் கட்டத்தில் வர வேண்டும், ராஜா இரண்டு யானைக்கும் நடுவில் வர வேண்டும், அவ்வளவுதான். ஓப்பனிங் மனப்பாடம் உதவாது. 2019 உலகப் போட்டி இறுதியில் வெஸ்லி சோ, வழக்கமான செஸ்ஸில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனையே 13.5–2.5 என்று புரட்டி எடுத்தார்.

திண்ணைராஜா:
தம்பி, அது வேறு பேச்சு. எதிரில் இருந்தது நான்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. சிப்பாய் நடந்து வந்து ஜெயிக்க வேண்டியவன். பாராசூட்டில் குதித்து மேட் கொடுப்பதற்குப் பெயர் செஸ்ஸா?

வெள்ளைக்குதிரை:
குதிரை பாராசூட்டில் வந்தால் செஸ்! ராணி வந்தால் செஸ்! சிப்பாய் வந்தால் மட்டும் குற்றம்! ஜி7 செல்லும்.

ஷோகிப்பைத்தியம்:
குழப்பம் எங்கே என்று தெரிகிறது. ஷோகியில்தான் அந்த விதி. ஜப்பான் ஆட்டம், 9க்கு 9 பலகை. கையில் இருக்கும் சிப்பாயை இறக்கி மேட் கொடுக்கக் கூடாது, வெறும் செக் கொடுக்கலாம். பலகையில் ஏற்கெனவே இருக்கும் சிப்பாயை நகர்த்தி மேட் கொடுத்தால் செல்லும். பக்ஹவுஸில் சில இடங்களில் வீட்டு விதியாக இதை வைத்துக்கொள்வார்கள், பொதுவாகக் கிடையாது.

திண்ணைராஜா:
பார்த்தீர்களா, ஜப்பான்காரனே செல்லாது என்கிறான்.

ஷோகிப்பைத்தியம்:
சார், நான் சொன்னது அதற்கு நேர் எதிர்.

வெள்ளைக்குதிரை:
அப்படியானால் ஷோகி மாதிரி ஒரே நெட்டு வரிசையில் உங்கள் சிப்பாய் இரண்டு நிற்கவும் கூடாதே? அன்றைக்கு உங்களுக்கு சி வரிசையில் இரண்டு நின்றதே, அது எந்த நாட்டு விதி? ஜி7 செல்லும்.

திண்ணைராஜா:
உலக செஸ் சம்மேளனம் ஃபிடேயின் விதிப் புத்தகத்தில் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

தொள்ளாயிரத்தறுபது:
அதில் பக்ஹவுஸே இல்லை சார். செஸ்960க்குத்தான் வழிகாட்டுதல் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்...

வெள்ளைக்குதிரை:
இல்லாத புத்தகத்தில் காட்டச் சொல்கிறார்! ராஜாவைக் குதிரை மாதிரி ஒரு தடவை தாண்ட விடும் திண்ணை விதியையும் ஃபிடே புத்தகத்தில் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா?

திண்ணைராஜா:
அது நம் ஊர் ஆட்டம். என் தாத்தா ஆடியது. சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம்கூடக் கிடையாது, ஒவ்வொரு கட்டமாகத்தான் போகும். பொறுமை கற்றுக்கொடுக்கும். உங்களுக்கு அது எங்கே புரியும்? தொட்ட காயை ஆடியாக வேண்டும், ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் மந்திரியைத் தொட்டுவிட்டு "கட்டத்தில் சரி பண்ணினேன்" என்று கையை எடுத்தவர்தானே நீங்கள்.

வெள்ளைக்குதிரை:
சரி பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டேன்! நாலு பேர் சாட்சி. அதை இழுத்தால் நானும் இழுப்பேன். மூன்றாம் செட்டில் வெள்ளை யானைக்குப் பதில் சோடா மூடி நிற்கிறதே, அந்த யானையை வீட்டுக்குக் கொண்டுபோனது யார்?

பதினொருவயதுஅம்மா:
இரண்டு பேருக்கும் வணக்கம். என் பையனும் ஞாயிறு வருகிறான். பக்ஹவுஸுக்கு எத்தனை கடிகாரம் வேண்டும்? கூட்டாளி "குதிரை கொடு, குதிரை கொடு" என்று கத்துகிறான், இவன் பதறிப்போய் தன் ராணியை விட்டுவிடுகிறான். அதற்கு ஏதாவது விதி உண்டா?

வெள்ளைக்குதிரை:
பலகைக்கு ஒன்று, மொத்தம் இரண்டு கடிகாரம் அம்மா. கத்தலாம், அதுதான் ஆட்டமே. உங்கள் பையன் ஜி7இல் சிப்பாய் இறக்கி மேட் கொடுத்தால் யார் சொன்னாலும் எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

திண்ணைராஜா:
சின்னப் பிள்ளையைத் தூண்டிவிடாதீர்கள். ஞாயிறு நடுவர் நான். சிப்பாய் இறங்கினால் கடிகாரத்தை நிறுத்துவேன்.

தொள்ளாயிரத்தறுபது:
960க்குப் பெயர் கொடுக்க யாராவது இருக்கிறீர்களா? இதுவரை நான் ஒருவன்தான்.

வெள்ளைக்குதிரை:
தோற்றவரே நடுவராம்! டீக் காசு கணக்கையும் அவரே வைத்திருக்கிறார், அதுவும் 20 வருஷமாக. ஜி7 செல்லும்.

திண்ணைராஜா:
டீக் காசைப் பற்றிப் பேசுகிறவர் ஏப்ரலில் இருந்து பாக்கி. அப்புறம், அந்த யானை என் வீட்டில் இல்லை. இரண்டு தடவை தேடிவிட்டேன்.