ஈரோடு பக்கம் ஐபிடி தெரபி செய்யும் சைக்காலஜிஸ்ட் கிடைப்பார்களா?

சென்னிமலையான்:
எல்லோருக்கும் வணக்கமுங்க. அக்காவுக்காகக் கேட்கிறேன். மாமா போன ஆடியில் மாரடைப்பில் தவறிவிட்டார். அக்காவுக்கு 38 வயது, பையன் ஏழாவது படிக்கிறான். பெருந்துறை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் இப்போது எங்களோடு இருக்கிறார்கள். மாமாவின் ஜவுளிக்கடைக் கணக்கு முழுக்க அக்கா கையில்தான் இருந்தது. இப்போது எழுந்திருக்கவே பத்து மணி ஆகிறது, சோறு போட்டால் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். கடைப் பங்கு விஷயத்தில் நாத்தனாரோடு ஒரு வாக்குவாதம். அதோடு அந்தப் பக்கம் யாரிடமும் பேச்சுவார்த்தை இல்லை.

மனநல மருத்துவரிடம் காட்டினோம். டிப்ரஷன் என்று மாத்திரை கொடுத்தார், தூக்கம் பரவாயில்லை. "இவங்களுக்குக் கூடவே இன்டர்பர்சனல் தெரபி செஞ்சா நல்லது, ஆனா பக்கத்துல செய்யறவங்க யாரும் எனக்குத் தெரியல" என்றார். உறவுகளில் இருக்கும் சிக்கலைப் பேசிச் சரிசெய்யும் இந்தத் தெரபியைத்தான் சுருக்கமாக ஐபிடி என்கிறார்கள். கூகுளில் தேடினால் கவுன்சலிங் சென்டர்கள்தான் வரிசையாக வருகின்றன. ஓரிடத்தில் போனில் கேட்டதற்கு, "எல்லா தெரபியும் இருக்கு, பேக்கேஜா கட்டிடுங்க" என்றார்கள். நம்பிக் கட்டலாமா? அக்காவுக்குத் தமிழில் பேசினால்தான் ஆகும்.

வெண்ணிலா_சேலம்:
கட்டாதீர்கள். முதலில் ஆர்சிஐ பதிவு எண் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு இருக்க வேண்டும், அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். கவுன்சிலர் என்ற போர்டை இங்கே யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள்.

உறையூர்க்காரி:
தம்பி, நான் இந்த ஐபிடி எடுத்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் ஐபிடி என்று போர்டு வைத்து யாரும் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்றால் பலருக்குத் தெரியும், இது தெரிந்தவர்கள் குறைவு. அதனால் தெரபியின் பெயரை வைத்துத் தேடாமல் ஆளை வைத்துத் தேடுங்கள். எம்.ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி முடித்து, ஆர்சிஐ பதிவு உள்ளவர்களாக நாலைந்து பேரைப் பிடித்துப் போனில் கேளுங்கள். "ஐபிடி செய்வீங்களா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "எங்கே பழகினீங்க, யார் மேற்பார்வையில செஞ்சீங்க? மொத்தம் எத்தனை வாரம்? புருஷனை இழந்தவங்களுக்கு எங்கேயிருந்து ஆரம்பிப்பீங்க?" என்று கேளுங்கள். தெரிந்தவர் வாரம் ஒரு தடவை, 12 முதல் 16 வாரம் என்பதுபோல முதலிலேயே எல்லை சொல்வார். துக்கம், உறவில் தகராறு, வாழ்க்கையில் பெரிய மாற்றம், ஒட்டுறவில்லாத தனிமை என்ற நான்கில் எதைக் கையில் எடுக்கப்போகிறோம் என்று பேசுவார். உங்கள் அக்காவுக்கு முதல் மூன்றுமே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடமாட்டார்கள், ஒன்றோ இரண்டோதான்.

எனக்குக் கிடைத்தவர் சென்னையில் இருந்தார், வீடியோவில்தான் பேசினோம். ஆரம்பத்தில் என் வாழ்க்கையில் இருக்கிற ஆட்களைப் பற்றியே கேட்டார். மனசு சரியில்லை என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள், முன்பு பேசி இப்போது பேசாதவர் யார், அவரிடம் என்ன எதிர்பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவராக. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், ஒவ்வொரு போனும் சண்டையில்தான் முடியும். தெரபிஸ்ட் அந்தச் சண்டையை வரிக்கு வரி சொல்லச் சொல்வார். "நீங்க என்ன சொன்னீங்க? எந்தக் குரல்ல? அவர் என்ன பதில் சொன்னார்? அப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு? அதை அவர்கிட்ட சொன்னீங்களா?" சொல்லவே இல்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. "எப்ப வருவீங்க?" என்று கேட்பதற்குப் பதிலாக "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு, அவர் "ம்" என்றதும் எரிந்து விழுந்திருக்கிறேன். அடுத்த போனில் என்ன கேட்க வேண்டும் என்று தெரபிஸ்ட் என் கணவராக நடித்து என்னைப் பேசவைத்துப் பழக்கினார். உங்கள் அக்கா நாத்தனாரிடம் மறுபடி பேச வேண்டிய நாள் வந்தால் இது ரொம்ப உதவும்.

இன்னொன்று வீட்டில் இருக்கும் உங்களுக்கு. இது டிப்ரஷன் என்கிற நோய், சோம்பலோ வீம்போ கிடையாது என்று ஆரம்பத்திலேயே பெயர் சொல்லிவிடுவார்கள். காய்ச்சல்காரரிடம் எவ்வளவு வேலை எதிர்பார்ப்போமோ அவ்வளவுதான் இப்போதைக்கு என்பார்கள். அதை என் மாமியார் காதால் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் அம்மா அப்பாவும் கேட்கட்டும்.

தேடிப் பார்த்தும் ஐபிடி ஆள் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், தம்பி. நல்ல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சிபிடி செய்தாலும் டிப்ரஷனுக்குப் பலன் உண்டு.

சமூகப்பணி_மதுரை:
மனநல சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். உறையூர் அக்கா சொன்னதோடு சேர்த்துச் சில விஷயங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இரண்டிலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் இருக்கிறார்கள். அங்கே பயிற்சி முடித்துத் தமிழ்நாட்டில் தனியாகப் பார்ப்பவர்களை விசாரியுங்கள், அந்த வழியில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் என்றால் மாவட்ட மனநலத் திட்டப் பிரிவில் கேளுங்கள், செலவில்லை.

ஐபிடி முறையை 1970-களில் அமெரிக்காவில் கிளெர்மன், வைஸ்மன் என்ற இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். பெரிய நகரத்து மேல்தட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கோவாவில் நடந்த மானஸ் ஆய்வில், பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர் ஆலோசகர்களே ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்தார்கள். 2010-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அது வந்தது. குழுவாகச் செய்வதற்கு உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ஒரு கையேடே போட்டு, இலவசமாகக் கொடுக்கிறது. அக்காவுக்கு ஆள் தேடும்போது "இந்தக் கையேடு பார்த்திருக்கீங்களா?" என்றும் கேட்டுப் பாருங்கள்.

சாக வேண்டும் என்பதுபோல எப்போதாவது பேசினால் தெரபிக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

சென்னிமலையான்:
ரொம்ப நன்றிங்க, மூன்று பேருக்கும். உறையூர் அக்கா எழுதியதை எங்கக்காவிடம் படித்துக் காட்டினேன். "அந்த மாதிரி கேக்கறவங்க இருந்தா நான் பேசறேன்" என்றாள். கணக்கு நோட்டில் கேள்விகளை அவளே எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை மாவட்டப் பிரிவுக்குப் போகிறோம், வேலூரிலும் விசாரிக்கிறேன். ஒரு சந்தேகம்: முதல் நாள் நானும் உள்ளே உட்காரலாமா?

உறையூர்க்காரி:
அக்கா சரி என்றால் உட்காரலாம், தம்பி. கொஞ்ச நேரம் இருந்து நீங்கள் பார்த்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மாமாவைப் பற்றி அவள் தனியாகப் பேச வேண்டியது நிறைய இருக்கும்.